மணியும் நூலும்

கன்னட அண்டை வீட்டார் ‘கொம்பெ ஹப்ப’ எனக் கொண்டாடும் நவராத்திரி வந்ததும், பெங்களூர்த் தமிழர் இல்லங்களில் பரணிலிருந்து இறங்குவன மரப்பாச்சிகளும் மண்பொம்மைகளும் மட்டும் அல்ல. பழம்புடவையில் சுற்றி வைத்த மணி வேலைப்பாடுகளும் சில இல்லங்களில் இறங்குகின்றன. வெல்வெட் துணியிற் பாசிமணி தைத்த கிளியும் மயிலும் ஆலிலைக் கண்ணனும் கொலுப்படியின் பின்னே ஒன்பது நாள் விளங்கி, மீண்டும் பெட்டிக்குள் அடங்குகின்றன. இவற்றைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடலாகாது. இவற்றின் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

பதிற்றுப்பத்தில் நன்கலங்களுக்குப் பெயர்பெற்ற ஊராகக் காணும் கொடுமணமே ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் என்பர் அறிஞர். 1985 முதல் அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களில் மணி செய்த பட்டறைகளின் சுவடுகள் வெளிப்பட்டன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுவையை அடுத்த அரிக்கமேடு, கண்ணாடி மணிக்குப் பெயர்பெற்றது. உருகிய கண்ணாடியைத் துளையுடைய நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, முனை மழுங்க மீண்டும் சூடேற்றுவர். இம்முறையில் ஆன மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசியத் துறைகளிலும் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டில் வெனிஸ், பொஹீமியா மணிகள் நம் நாட்டுச் சந்தைகளுக்கு வந்தன. சௌராட்டிர நாட்டு மகளிர் அத்தகைய மணிகளால் வாயில் தோரணங்கள் கோத்தனர். நம் வீட்டுப் பாசிமணியும் குழலாக இழுத்து நறுக்கும் அப்பழைய முறையின் வழிவந்ததே.

ஆயினும், அகழ்வார் கையிற் கிடைப்பது மணியே. அதைக் கோத்த நூல் கிடைப்பது அரிது. கோத்தவள் யார், யாருக்காகக் கோத்தாள் என்பனவும் நூலோடு மக்கிவிட்டன.

தமிழில் இழைக்கும் ஏட்டுக்கும் ‘நூல்’ என்பதே பெயர். பஞ்சிலிருந்து இழை நூற்பதை உவமையாக்கி அப்பெயரை விளக்குகிறது நன்னூல். பவணந்தி முனிவர் அதனை இயற்றியது சீயகங்கன் வேண்டுகோளால். அவன் பிறந்த கங்கர் குலமோ, நம் அருகிலுள்ள கோலாரையும் பின்னர்த் தலைக்காட்டையும் தலைநகராகக் கொண்டது.

எம் அன்னையார் கும்பகோணத்திலிருந்து இந்நகருக்குக் குடிவந்த ஆண்டிலே ஒரு கிளி தைத்தார். உடல் பச்சை; வால் மட்டும் நீலம். பச்சை மணி தீர்ந்துவிட்டது. கடைத்தெருவும் தெரியாது, கேட்டு வாங்கக் கன்னடமும் வராது. கைவசம் இருந்த நீல மணியால் வாலை முடித்தார். சென்ற நவராத்திரியில் நூல் இற்று, வாலின் மணிகள் தரையிற் சிதறின. அவற்றைப் பொறுக்கிய எம் மகள், “பச்சை மணி வாங்கி வரட்டுமா?” என்றாள். பாட்டியின் கதையைச் சொன்னோம். அவள் மறுமொழி கூறவில்லை. மெழுகு தடவிய புது நூலில் அந்நீல மணிகளையே கோத்துத் தைத்தாள்.

அன்பர்களே! இவ்வாண்டு கொலுப் பெட்டியைக் கட்டுமுன், ஒவ்வொரு மணி வேலையின் பின்புறமும் ஒரு துண்டுத் துணியில், தைத்தவர் பெயரையும் ஆண்டையும் காரணத்தையும் எழுதித் தைத்து வைப்போமாக. அரிக்கமேட்டு மணிகளுக்கு வாய்க்காத நூல் அது.