72 பைட் மரியாதை

வட்டக்கானல் போயிருக்கிறீர்களா? கொடைக்கானலைத் தாண்டி, டால்பின் நோஸ் பாறைக்கு இறங்குகிற வழியில் இருக்கிற குட்டி ஊர். 'லிட்டில் இஸ்ரேல்' என்று செல்லப்பெயரே உண்டு. கட்டாய ராணுவ சேவையை முடித்த இஸ்ரேலிய இளசுகள் வந்து தங்குவதால் வந்த பெயர். அவர்களுடைய ஹீப்ரு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். நம்முடையது நேர் எதிர். ஆனாலும் டீ வருகிறது, காசு போகிறது. நல்லவேளை, ஹீப்ருவிலும் எண்களை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக எழுதுவார்கள். சில்லறையில் சண்டை வராது.

இதே சிக்கல் மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டருக்குள்ளும் இருந்தது. அங்கே எண்களே சண்டை போட்டன.

1957-ல் ஐபிஎம்மின் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானைக் கொடுத்தது. விஞ்ஞானிகளின் பாஷை. 1960-ல் கோபால் வந்தது. (நம்மூர்ப் பெயரல்ல.) அது கணக்குப்பிள்ளைகளின் பாஷை. நான் பி.காம். என் ஓட்டு கோபாலுக்கு. விஞ்ஞானத்துக்கு ஒரு மெஷின், வியாபாரத்துக்கு ஒரு மெஷின் என்றிருந்ததை 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் மாற்றியது. சிஸ்டம்/360. இனி இரண்டுக்கும் ஒரே குடும்பம்.

ஒரே வீட்டில் குடிவைத்தால் பேசித்தானே ஆகவேண்டும்? ஃபோர்ட்ரானில் யாரோ எழுதிவைத்த கணக்கு முறையைக் கோபால் புரோகிராம் கூப்பிட்டுப் பயன்படுத்தினால் வேலை மிச்சம். எப்படிக் கூப்பிடுவது?

ஐபிஎம் செய்த ஏற்பாடு கல்யாண வீட்டுச் சமையல்காரர் கதை. வீட்டுக்காரர் ஒரு காலிப் பெட்டி தருகிறார். சமையல்காரர் அடுப்படியில் இருக்கிற பாத்திரங்களை அதில் பத்திரப்படுத்துகிறார், சமைக்கிறார், போகும்போது இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுகிறார். பாத்திரம் என்பது ரெஜிஸ்டர், மொத்தம் 16. பெட்டியின் அளவு 72 பைட். 1-ம் ரெஜிஸ்டரில் சாமான் சீட்டு எங்கே இருக்கிறது என்ற விலாசம். 13-ல் பெட்டியின் விலாசம். 14-ல் திரும்பிப் போகவேண்டிய இடம். 15-ல் கூப்பிடப்படுபவரின் வாசல். அவ்வளவுதான். சமையல்காரர் என்ன பாஷை என்று யாரும் கேட்பதில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்திறங்கிய ஐபிஎம் 370/155-ம் இந்த வம்சம்தான். அந்நியச் செலாவணிச் சட்டத் தகராறில் 1978-ல் ஐபிஎம் இந்தியாவைவிட்டே கிளம்பிப் போனது. மெஷின்கள் போகவில்லை. பராமரிப்பை சி.எம்.சி. எடுத்துக்கொண்டது.

ஆனால், இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை. சீட்டில் இருப்பது விலாசம் மட்டும். அங்கே இருப்பது அரிசியா, உப்பா என்று எழுதியிருக்காது. கோபால், ரூபாய் பைசாவை ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாக, பத்தடிமானத்திலேயே கட்டிவைக்கும். ஃபோர்ட்ரானுக்கு அந்த வகையே தெரியாது. ஒரு ரூபாயில் பத்தில் ஒரு பங்கை இரண்டடிமானத்தில் முழுசாக எழுதவே முடியாது என்பது வேறு விஷயம். கோபால் கட்டிவைத்த தொகையின் விலாசத்தை அப்படியே ஃபோர்ட்ரானிடம் கொடுத்தால் அது அலறாது. வேறு ஏதோ ஒரு எண்ணாகப் படித்துக்கொண்டு, நிதானமாக வட்டி போட்டுக் கொடுத்துவிடும். மெஷின் நின்றுபோனால் ராத்திரியே தெரியும். இது லெட்ஜர் டேலி ஆகாத அன்றைக்குத்தான் தெரியும். அதனால் கூப்பிடுமுன் எண்ணை மாற்றிக் கொடுப்பது புரோகிராமர் தலையில் விழுந்தது.

அட்டவணைகள் இன்னும் மோசம். ஃபோர்ட்ரான் அவற்றை நெடுக்குவாட்டில் அடுக்கும், மற்றவை கிடைவாட்டில். வட்டக்கானல் பலகைக் கதையேதான்.

இந்த இரட்டைக் குடித்தனமே வேண்டாம் என்று ஐபிஎம் அறுபதுகளில் பிஎல்/ஒன் என்ற பொது பாஷையைக் கொண்டுவந்தது. இரண்டையும் விழுங்கிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். விழுங்கவில்லை. கடைசியில் பிஎல்/ஒன்னே துபாஷி ஆனதுதான் வேடிக்கை. கூப்பிடும்போது 'இது ஃபோர்ட்ரான்' என்று சொல்லிவிட்டால், அட்டவணையைப் பிரதி எடுத்துத் திருப்பி அடுக்கிக் கொடுக்கும். அதற்குக் கூலி, கம்ப்யூட்டர் நேரம்.

நடுவில் தப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற பஞ்சாயத்து மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு பாஷைக்கும் தனி மேஸ்திரி. பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டால் இரண்டு மேஸ்திரிகளும் அதிகாரத்துக்கு வருவார்கள். தொண்ணூறுகளில்தான் 'லாங்குவேஜ் என்விரான்மென்ட்' என்று எல்லோருக்கும் பொதுவான ஒரே மேஸ்திரியை ஐபிஎம் நியமித்தது. அவர் வந்த பிறகும் அந்த 72 பைட் பெட்டியை யாரும் தூக்கிப்போடவில்லை. இன்றைய ஐபிஎம் மெயின்ஃப்ரேமிலும் 13-ம் ரெஜிஸ்டரில் பெட்டியின் விலாசம்தான் போய் உட்காருகிறது.