பாரீஸ் பதிவேட்டில் குறைந்த ஆயிரம் ஆண் குழந்தைகள்

ஜான் அர்பத்நாட் என்ற பெயர், ஜோனதன் ஸ்விஃப்டுக்கும் அலெக்ஸாண்டர் போப்புக்கும் நண்பர் என்ற அளவில் இலக்கிய வாசகர்கள் சிலருக்கு அறிமுகமாகியிருக்கலாம். ஆன் அரசியின் மருத்துவர். ஆங்கிலேயனுக்கு 'ஜான் புல்' என்ற உருவத்தை 1712இல் படைத்தளித்த அங்கதக்காரர். புள்ளியியலின் வரலாறோ அவரை வேறொரு காரணத்திற்காக நினைவில் வைத்திருக்கிறது. லண்டனின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் 1629 முதல் 1710 வரையிலான 82 ஆண்டுகளை அவர் எடுத்துப் பார்த்தார். ஓர் ஆண்டு தவறாமல் எல்லா ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளே அதிகம். பிறப்பு என்பது நாணயம் சுண்டுவது போன்ற சமவாய்ப்பு என்றால், 82 முறையும் தொடர்ந்து ஒரே பக்கம் விழுவதற்கான வாய்ப்பு 25 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணில் ஒன்று மட்டுமே. ஆகவே இது தற்செயல் அல்ல, தெய்வத்தின் திட்டம் என்று ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். ஆண்கள் அதிகம் மடிவதை ஈடுசெய்யவே இந்த ஏற்பாடு என்றும், எனவே பலதார மணம் இயற்கைக்கு விரோதமானது என்றும் மேலும் சென்றார்.

ஒரு கருதுகோளை எடுத்துக்கொண்டு, 'இது உண்மையானால் நாம் கண்டது நிகழ எவ்வளவு வாய்ப்பு?' என்று கேட்டு, வாய்ப்பு மிகச் சிறிது என்பதால் கருதுகோளைத் தள்ளிவிடும் முறையின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக இக்கட்டுரையைக் கொள்ளலாம். தள்ளியது சரிதான். ஆனால் தள்ளிய இடத்தில் எதை வைப்பது? நிக்கோலஸ் பெர்னூலி இதற்கு எளிய பதில் ஒன்றைச் சொன்னார். 35 முகங்கள் கொண்ட ஒரு பகடையை எண்ணிக்கொள்ளுங்கள். 18 முகங்கள் வெள்ளை, 17 கறுப்பு. அதை உருட்டினாலே லண்டன் கணக்கு ஏறத்தாழ வந்துவிடும். அதாவது, பொய்த்தது 'சரிபாதி' என்ற கருதுகோள் மட்டுமே; தற்செயல் பொய்க்கவில்லை. அர்பத்நாட்டின் கணக்கு ஒரு கதவைச் சாத்தியது. அவர் நுழைந்த கதவோ, முன்பே அவர் மனத்தில் திறந்திருந்த ஒன்று.

அடுத்த அத்தியாயம் பிரான்சில். லாப்லாஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதி இந்த விகிதத்தை விடாமல் துரத்தினார். பிரான்சின் முப்பது மாவட்டங்களில் 1800 முதல் 1802 வரை பிறந்தவர்களைக் கணக்கிட்டதில் 22 ஆண்களுக்கு 21 பெண்கள் என்ற விகிதம் கிடைத்தது. இந்த அளவுகோலுடன் அவர் இரண்டு விதிவிலக்குகளை எதிர்கொண்ட விதம்தான் நமக்கு முக்கியம்.

முதலாவது, புஃபோன் சுட்டிக்காட்டிய கார்செல்-லெ-கிரிங்யோன் என்ற பர்கண்டிப் பகுதிச் சிற்றூர். ஐந்தாண்டுகளில் 2009 பிறப்புகள்; ஆண் 983, பெண் 1026. இங்கே பெண்களே அதிகம்! நூற்றுக்கு 51க்கு மேல் இருக்க வேண்டிய ஆண்கள் 49க்கும் கீழே. ஆயினும் லாப்லாஸ் அசையவில்லை. இங்கே பெண் பிறப்புக்கே வாய்ப்பு அதிகம் என்பதன் நிகழ்தகவு, நாணயத்தை நான்கு முறை சுண்டும்போது நான்கும் தலையாக விழாதிருப்பதன் நிகழ்தகவைவிடக் குறைவு. காரணம் தேட இது போதாது, நூறாண்டு தொடர்ந்து பார்த்தால் இந்த விந்தை மறைந்துவிடும் என்றார். இன்றைய வழக்கப்படி, 22க்கு 21 என்ற விகிதத்தை வைத்து நாம் சோதித்தால், இத்தகைய விலகல் நூற்றில் நான்கைந்து முறை வெறும் தற்செயலாகவே நேரும். நூற்றுக்கு ஐந்து என்ற எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுபவர் இவ்வூரில் ஏதோ மர்மம் இருப்பதாக அறிவித்திருப்பார். பல ஊர்களிலிருந்து விசித்திரமானதைப் பொறுக்கி எடுத்தபின் அதைச் சோதிப்பது, பரிசு விழுந்த சீட்டை மட்டும் காட்டி லாட்டரியில் சூது என்று வாதிடுவதைப் போன்றது.

இரண்டாவது, பாரீஸ். 1745 முதல் 1784 வரை அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆண் 3,93,386, பெண் 3,77,555. விகிதம் 25க்கு 24. நூற்றில் ஆண்கள் 51.16 இருக்க வேண்டிய இடத்தில் 51.03 இருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. ஆனால் ஏழே முக்கால் லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில், இயல்பான ஊசலாட்டத்தின் அளவான திட்டவிலக்கம் 440 குழந்தைகளைத் தாண்டாது. குறைந்ததோ ஆயிரத்துக்கும் மேல். சிற்றூரின் பெரிய விலகலைப் புறந்தள்ளிய லாப்லாஸ், மாநகரின் இந்தச் சிறு விலகலுக்குக் காரணம் இருந்தே தீரவேண்டும் என்று கருதினார்.

அர்பத்நாட்டைப்போல அவர் அங்கே நின்றுவிடவில்லை, பதிவேட்டுக்குத் திரும்பினார். பாரீஸின் ஞானஸ்நானக் கணக்கில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்தின் குழந்தைகளும் சேர்ந்திருந்தார்கள். 1745 முதல் 1809 வரை அந்த இல்லத்திற்கு வந்தவர்கள் ஆண் 1,63,499, பெண் 1,59,405. விகிதம் 39க்கு 38 மட்டுமே. சுற்றுப்புற நாட்டுப்புறத்துப் பெற்றோர் ஆண் குழந்தையை வைத்துக்கொள்வதில் ஆதாயம் கண்டு, பெண் குழந்தையையே சற்று அதிகமாக இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளை நீக்கியதும் பாரீஸும் 22க்கு 21க்கே திரும்பியது. கோள்களின் இயக்கத்தைக் கணித்தவர், ஒரு தசமப் புள்ளியின் பின்னே அழுதுகொண்டிருந்த பெண் குழந்தைகளைக் கண்டுபிடித்தார்.

இந்த இரு விதமான இடறல்களுக்கும் முறையான பெயர் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1928இல் தொடங்கிய தம் ஆய்வை ஜெர்ஸி நெய்மனும் ஈகன் பியர்சனும் 1933இல் முழுமைப்படுத்தினர். அர்பத்நாட் எழுதிய அதே ராயல் சொசைட்டி இதழில் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. உண்மையான கருதுகோளைத் தள்ளிவிடுவது முதல் வகைப் பிழை. சிற்றூரில் மர்மம் கண்டிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது அது. பொய்யான கருதுகோளைத் தள்ளாமல் விட்டுவிடுவது இரண்டாம் வகைப் பிழை. பாரீஸைப் பார்த்து 'எல்லாம் இயல்பே' என்று ஏட்டை மூடியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது இது. கூறின் அளவு மாறாதிருக்க, ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். நிரபராதியைத் தண்டிப்பதா, குற்றவாளியை விடுவிப்பதா, எது அதிகக் கேடு என்ற நீதிமன்றக் கேள்வியை அவர்களே உவமையாக எடுத்தாண்டார்கள். அந்தச் சமநிலையை எங்கே வைப்பது என்பதைக் கணிதம் தீர்மானிக்காது, ஆய்வாளர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர்கள் நிலைப்பாடு.

நூற்றுக்கு ஐந்து என்ற எல்லை பாடநூல்களில் கல்வெட்டாகிப் போனதில் நாம் மறந்தது இந்தப் பொறுப்பைத்தான். இல்லாத மர்மத்தைக் கண்டதாகச் சொல்பவருக்குக் கிடைப்பது அவமானம்; இருக்கும் கொடுமையைக் காணாமல் விட்டவருக்கு எதுவும் நேர்வதில்லை, விலையைக் கொடுப்பவர்கள் வேறு யாரோ. சேலத்தில் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதை அறிந்த நமக்கு, பாரீஸின் அந்த இல்லம் தொலைதூரச் செய்தியாகத் தோன்ற வழியில்லை. பிறப்பு விகிதத்தின் சிறு சரிவை 'தற்செயல்' என்று ஒதுக்குவதற்கு முன் எந்தப் பிழைக்கு நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்று கேட்டுக்கொள்வது, லாப்லாஸிடம் நாம் கற்கவேண்டிய பாடம்.