விசாரணை: ஃபிரான்ஸ் காஃப்காவின் நாவல்

விசாரணை: பிராகு நகரத்தில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதிய ஃபிரான்ஸ் காஃப்கா (1883–1924) இயற்றிய நாவல். 1914 ஆகஸ்டில் தொடங்கி 1915 ஜனவரியில் முற்றுப்பெறாமலே கைவிடப்பெற்ற இந்நூல், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டு பெர்லினில் பிரசுரமாயிற்று. தன் மீதுள்ள குற்றம் இன்னதென்று அறியாமலே வழக்கில் அகப்பட்ட ஒரு தனிமனிதன், கண்ணுக்குப் புலப்படாத அதிகார வர்க்கத்தோடு ஓராண்டுக் காலம் போராடி மடிவதே இதன் கதை.

தோற்றம். காஃப்கா 1906-இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1908 முதல் 1922 வரை, தொழிலாளருக்கு விபத்துக் காப்பீடு அளித்த பொஹீமிய அரசு சார்ந்த நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரங்களில் விரல் இழந்தோரின் விண்ணப்பங்களையும், பிரீமியத்தைக் குறைக்கக் கோரிய முதலாளிகளின் ஆட்சேபங்களையும் நாள்தோறும் படித்தவர். அவ்வியந்திரங்களுக்குப் பாதுகாப்பான உருளைகளைச் சிபாரிசு செய்து அறிக்கை எழுதியவர். ஆகவே இந்நாவலில் வரும் அலுவலகங்கள் வெளியே நின்று அஞ்சியவன் கற்பனையில் முளைத்தவை அல்ல. உள்ளே உட்கார்ந்து கோப்புகளில் குறிப்பெழுதியவன் அறிந்தவை. 1914 ஜூலையில் பெர்லினில் ஒரு ஹோட்டல் அறையில், உறவினரும் தோழியும் முன்னிலையில், ஃபெலிஸ் பாவருடன் நடந்திருந்த நிச்சயதார்த்தம் முறிந்தது. அந்தச் சந்திப்பைத் தம் நாட்குறிப்பில் ஒரு நியாயஸ்தலமாகவே குறித்த காஃப்கா, சில வாரங்களில் இந்நாவலைத் தொடங்கினார்.

கதை. வங்கியொன்றில் உயர் பதவி வகிக்கும் யோசெஃப் கே., தன் முப்பதாம் பிறந்தநாள் காலையில், படுக்கையிலிருந்து எழுமுன்னரே கைது செய்யப்படுகிறான். ஆயினும் வழக்கம்போல வேலைக்குப் போக அவனுக்குத் தடையில்லை. நீதிமன்றம் ஏழைகள் நெருங்கி வாழும் குடியிருப்பில், துணி துவைக்கும் ஒருத்தியின் அறையைக் கடந்து போக வேண்டிய இடத்தில் கூடுகிறது. அதன் அலுவலகங்களோ காற்றோட்டமற்ற பரண்களில் இயங்குகின்றன. தன்னைக் கைது செய்ய வந்த காவலர் இருவரின் நடத்தையைப் பற்றி நீதிமன்றத்தில் கே. புகார் சொல்கிறான். பிறகொரு மாலை, தன் வங்கியிலேயே தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையிலிருந்து முனகல் கேட்டுக் கதவைத் திறந்தால், அந்தப் புகாரின் பேரில் அவ்விருவரும் சவுக்கடி படுகிறார்கள். மறுநாள் திறந்து பார்க்கிறான். அதே சவுக்கு, அதே மெழுகுவத்தி, அதே முறையீடு. நீதிபதிகளை ஓவியமாகத் தீட்டும் டிட்டொரெல்லி, விடுதலை மூவகை என்று விளக்குகிறான்: மெய்யான விடுதலை, அது எவருக்கும் கிடைத்ததாக அவன் அறியான்; தோற்றத்திற்கு மட்டுமான விடுதலை, அதைப் பெற்று வீடு திரும்புகிறவனை அங்கேயே மறுபடி கைது செய்யலாம்; முடிவின்றி ஒத்திப்போடுதல், அது வழக்கைக் கீழ்ப்படியிலேயே நிறுத்தி வைப்பது. முப்பத்தோராம் பிறந்தநாளுக்கு முந்திய இரவில் இருவர் வந்து கே.யை ஊர்ப்புறத்துக் கல்லுடைக்கும் பள்ளத்துக்கு அழைத்துச் சென்று கத்தியால் கொன்றுவிடுகின்றனர்.

பிரசுர வரலாறு. தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி காஃப்கா நண்பர் மாக்ஸ் பிராடிடம் வேண்டியிருந்தார். பிராடோ அவற்றைக் காத்து, தனித்தனிக் கட்டுகளாகக் கிடந்த அத்தியாயங்களைத் தாமே வரிசைப்படுத்தி 1925-இல் வெளியிட்டார். அந்த வரிசை சரிதானா என்ற விவாதம் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் ஓயவில்லை. 1937-இல் வில்லா, எட்வின் மியூர் தம்பதியரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1939-இல் நாஜிகள் பிராகுக்குள் நுழைந்த வேளையில் பிராட் பிரதிகளோடு பாலஸ்தீனத்துக்குப் புறப்பட்டார். காஃப்காவின் சகோதரியர் மூவரும் நாஜிகளின் யூதப் படுகொலையில் மாண்டனர். போருக்குப் பின் கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அவர் பெயர் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்து, 1963-இல் அவரைப் பற்றி லிப்லிட்சேயில் நடந்த மாநாட்டில்தான் பகிரங்க விவாதத்துக்கு வந்தது. 1962-இல் ஆர்சன் வெல்ஸ் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். 1988-இல் லண்டன் ஏலத்தில் மூலப்பிரதி பத்து லட்சம் பவுனுக்கு விலைபோய், ஜெர்மனியின் மார்பாக் இலக்கிய ஆவணகத்தைச் சேர்ந்தது.

தமிழிலும் மலையாளத்திலும். ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மன் மூலத்திலிருந்தே நேராக மொழிபெயர்க்க, க்ரியா பதிப்பகம் இந்நாவலை ‘விசாரணை’ என்ற பெயரில் தமிழில் வெளியிட்டது. வெற்றிமாறனின் 2015-ஆம் ஆண்டுத் திரைப்படம் இதே பெயருடையதாயினும், மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலைத் தழுவியது, காஃப்காவின் கதையன்று. மலையாளத்தில் ஆனந்த் எழுதிய ‘மரண சர்ட்டிபிக்கேட்’ இந்நாவலுக்கு நெருங்கிய உறவுடைய படைப்பு.

மலைநாட்டிலிருந்து நோக்கின். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை வட்டத்தில், ஏலமும் தேயிலையும் விளையும் சின்னக்கானல் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழும் தமிழருக்கு இக்கதையின் உலகம் அந்நியமானதன்று. அவ்வட்டத்து ஏலமலைப் பகுதியில் நிலத்தை வருவாய்த் துறையும், அதே நிலத்தில் நிற்கும் மரத்தை வனத்துறையும் ஆளுகின்றன. அரசு நிலம் வழங்கும் 1964-ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டயம் (நில உரிமைப் பத்திரம்) பெற்ற நிலம் சாகுபடிக்கும் வீட்டுக்குமே உரியதாயிருந்ததால், அதில் கடை கட்டியவன் தன் சொந்த மண்ணிலேயே விதி மீறியவனானான். இதனைத் தளர்த்தும் சட்டத் திருத்தம் 2023-இல்தான் கேரள சட்டசபையில் நிறைவேறியது. பட்டயம், கரம் கட்டிய ரசீது, தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) என ஒவ்வொரு காகிதமும் மற்றொன்றைக் கேட்க, வில்லேஜ் ஆபீசிலிருந்து தாலுகா ஆபீசுக்கும் அங்கிருந்து கலெக்டர் ஆபீசுக்கும் நடப்பவனுக்கு, ‘ஒத்திப்போடுதல்’ என்னும் டிட்டொரெல்லியின் மூன்றாம் வகை விளக்கமில்லாமலே விளங்கும்.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. மலைநாட்டுக்காரனை அலைக்கழிக்கும் விதிக்கு எண்ணும் ஆண்டும் உண்டு. அதைப் படிக்கலாம், எதிர்த்து வழக்காடலாம், சட்டசபையில் மாற்றவும் செய்யலாம். கே.யின் வழக்கிலோ சட்டநூல் கடைசிவரை அவன் கைக்கு எட்டவில்லை. அவனும் தான் குற்றமற்றவன் என்பதை நிலைநாட்ட முயன்றானேயன்றி, என்ன குற்றம் என்று காட்டும்படி இறுதிவரை வற்புறுத்தவில்லை. அதிகாரத்தின் கொடுமையைக் காட்டிய நூல்கள் பல. அக்கொடுமைக்கு ஆட்பட்டவன் தானே எப்படி அதற்கு உடந்தையாகிறான் என்பதைக் காட்டியதே இந்நாவலின் தனிச்சிறப்பு.