ஒட்டகச்சிவிங்கி நின்ற மாடிப்படி

சென்ற வாரம் ராயக்கோட்டை மலையேறினோம். 1857-58-ல் ராயக்கோட்டையைப் படம் பிடித்தவர் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். ராயக்கோட்டை அப்போது சேலம் ஜில்லா. 1858-ல் சென்னை மியூசியத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் அவர் எடுத்தார். மறுவருஷமே அவற்றில் பல லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன. டிரைப்பின் கண்ணெல்லாம் கல்மேல்தான். கல் இருந்த கூடம் அவருக்குப் பொருட்டில்லை.

கூடத்தையே வரைந்த ஆட்கள் லண்டனில் இருந்தார்கள். அதிகம் பேர் தெரியாதவர்கள். பவேரியாவிலிருந்து பிழைக்கப் போன ஜார்ஜ் ஷார்ஃப் அவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் மியூசியத்தின் பழைய கட்டடமான மாண்டேகு ஹவுஸுக்கு ஆயுள் முடிந்துகொண்டிருந்த 1845-ல், அதன் மாடிப்படியை நீர்வண்ணத்தில் வரைந்தார். படியேறினால் பாடம் செய்த ஒட்டகச்சிவிங்கிகள், கூடவே ஒரு காண்டாமிருகம், அண்ணாந்து பார்க்கும் ஜனங்கள். மகனுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அவர் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் தலைவராகி ‘சர்’ பட்டமும் வாங்கினார். அப்பாவைத்தான் யாருக்கும் நினைவில்லை.

ஜோசப் நாஷ் இன்னொரு ஓவியர். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியின் இந்தியப் பகுதியை வரைந்தார். அதில் அம்பாரி சுமந்த யானை நிற்கிறது. அம்பாரி அசல் முர்ஷிதாபாத். யானை? இந்திய யானை கிடைக்காமல், சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூர் மியூசியத்திலிருந்து பாடம் செய்த ஆப்பிரிக்க யானையை இரவல் வாங்கி நிறுத்திவிட்டார்கள். நம்மூர்ப் பாகன் காதைப் பார்த்ததுமே சிரித்திருப்பார்!

நம் பக்கத்துப் பொருள்களும் மியூசியம் ஏறின. ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் அரசு சென்னை மியூசியத்துக்கு வாங்கியது. சேர்வராயன் மலையின் வழவழப்பான கற்கோடரிகளும் அதில் உண்டு. மலைமேல் சின்னக் கோயில்களில் சாமியோடு சாமியாகக் கும்பிடப்பட்ட கற்கள் அவை. 1914-ல் அச்சான ஃபுட்டின் பட்டியல் ஒவ்வொரு கல்லுக்கும் எண் தருகிறது. கற்கள் வாங்கப்பட்ட காலத்தில், தர்ஸ்டன் சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்தபோதே, காணும் பொங்கலன்று அங்கே கூட்டம் நெரியும். கோயிலில் கும்பிட்ட அதே கல்லைக் கண்ணாடிக்குள் பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களா, கடந்து போனார்களா? அதை எழுத எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. ஷார்ஃப் மாதிரி ஒருவர் தூரிகையோடு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.