அநீதியின் மேல் கட்டிய நட்பு

மாலை வேளைகளில் பிள்ளைகளோடு புதுவைக் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது, காந்தி சிலைக்கு அருகிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடத்தை நாம் கடந்து செல்கிறோம். முதலாம் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்ட அந்நினைவிடம் 1938ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. மறு ஆண்டே அதைவிடக் கொடிய போர் ஒன்று மூண்டது. அப்போரில் ஓரணியில் நின்ற இரு சர்வாதிகாரிகள் ஜெர்மனியின் ஹிட்லரும் இத்தாலியின் முசோலினியும். அவ்விருவரின் நட்பு எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்பதை அறிவது, நாம் யாரோடு நட்புக் கொள்கிறோம், எதற்காகக் கொள்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள உதவும்.

அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அது எப்படி என்று தோழர்கள் வியந்து கேட்டனர். அவனுடைய கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று நபியவர்கள் விளக்கினார்கள். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அவ்விருவரின் வரலாற்றைப் பார்ப்போம்.

முசோலினி 1922 அக்டோபரில் ஆட்சிக்கு வந்தார். அப்போது ஹிட்லர் மியூனிக் நகரத்துச் சிறு கட்சியொன்றின் தலைவர் மட்டுமே. முசோலினியை அவர் குருவாகக் கருதினார். அவரைப் பின்பற்றி 1923இல் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றுச் சிறை சென்றார். 1933இல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்த பின்பும் முசோலினி அவரை மதிக்கவில்லை. 1934 ஜூனில் வெனிஸ் நகரில் நடந்த முதல் சந்திப்பு கசப்போடுதான் முடிந்தது.

அடுத்த மாதமே ஆஸ்திரியாவின் ஆட்சித் தலைவர் டோல்ஃபுஸ் நாஜிகளால் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அப்போது முசோலினியின் விருந்தினராக இத்தாலியில் தங்கியிருந்தனர். சினமுற்ற முசோலினி ஆஸ்திரிய எல்லைக்குப் படைகளை அனுப்பினார். ஹிட்லர் பின்வாங்கினார். ஒருவர் கையை மற்றவர் பிடித்துத் தடுத்தது அந்த ஒருமுறைதான்.

அந்தத் தடையை முசோலினியின் பேராசையே நீக்கிவிட்டது. 1935 அக்டோபரில் அவர் எத்தியோப்பியா மீது படையெடுத்தார். மக்காவில் துன்புறுத்தப்பட்ட சஹாபாக்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் அளித்த அபிசீனிய மண் அது. அங்கே இத்தாலிய விமானங்கள் நச்சு வாயுவைப் பொழிந்தன. சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தபோது, ஜெர்மனி அதில் சேராமல் நிலக்கரி அனுப்பியது. இந்த உதவியால் இருவரும் நெருங்கினர். 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஒரே தரப்புக்குத் துணை நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் மிலானில் பேசிய முசோலினி, ரோமையும் பெர்லினையும் இணைக்கும் 'அச்சு' என்று அவ்வுறவுக்குப் பெயர் சூட்டினார்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது முசோலினி வாய் திறக்கவில்லை. முன்பு படையனுப்பித் தடுத்த அதே அநீதியை இப்போது மௌனத்தால் அனுமதித்தார். ஹிட்லரோ இதை என்றும் மறவேன் என்று நன்றி பாராட்டினார். அவ்வாண்டிலேயே இத்தாலியிலும் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. அதுவரை பாசிசக் கட்சியிலேயே யூதர்கள் உறுப்பினராக இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், தீய நட்பு மனிதனை எங்கு இழுத்துச் செல்லும் என்பது விளங்கும்.

இதே முசோலினி 1937இல் திரிப்போலியில் குதிரை மேல் அமர்ந்து 'இஸ்லாத்தின் வாள்' என்ற பெயரில் ஒரு வாளை உயர்த்தி, முஸ்லிம்களின் பாதுகாவலர் என்று தம்மை அறிவித்துக்கொண்டார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான், 1931 செப்டம்பர் 16 அன்று, எழுபது வயது கடந்த குர்ஆன் ஆசிரியர் உமர் முக்தாரை லிபியாவில் அவருடைய ஆட்சி தூக்கிலிட்டிருந்தது. கிழக்கு லிபியாவின் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டு, பல்லாயிரவர் மாண்டிருந்தனர். நம் பெயரைச் சொல்லிப் புகழ்பவர் எல்லாம் நம் நண்பர் அல்லர்.

1939 மே மாதம் இருவரும் 'எஃகு உடன்படிக்கை' செய்துகொண்டனர். ஆனால் செப்டம்பரில் போர் மூண்டபோது தம் நாடு ஆயத்தமாக இல்லை என்று முசோலினி ஒதுங்கி நின்றார். பிரான்ஸ் வீழும் தறுவாயில், 1940 ஜூன் 10 அன்று, வெற்றியில் பங்கு கேட்க ஓடி வந்து அதன் மீது போர் அறிவித்தார்.

அந்த வீழ்ச்சியின் அதிர்வு நம் ஊரையும் எட்டியது. ஹிட்லரிடம் பணிந்த விஷி அரசை ஏற்பதா, லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த டி கோலோடு நிற்பதா என்ற கேள்வி எழுந்தது. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி போன்வன் புதுவையை டி கோலின் பக்கம் சேர்த்தார். இந்தோசீனாவோ விஷியின் கீழேயே இருந்தது. அதே மாதம் ஜப்பானியப் படைகள் அங்கு நுழைந்தன; ஜப்பான் ஹிட்லர், முசோலினியின் அணியிலும் இணைந்தது. காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் சென்ற நம் சமுதாயத்தவர் பலர் அப்போது சைகோனில் வணிகம் செய்து வந்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் அங்கு கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. கடலுக்கு அப்பால் பொருளீட்டச் சென்றவர் ஓர் அணியின் ஆட்சியிலும், இங்கு காத்திருந்த குடும்பம் எதிர் அணியின் ஆட்சியிலும் வாழ நேர்ந்தது. எங்கோ இருவர் செய்த கூட்டணி, நம் முன்னோர் வீட்டு வாசல் வரை வந்தது.

நண்பர்கள் என்று உலகுக்குக் காட்டிக்கொண்ட இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. தம்மிடம் சொல்லாமல் ஹிட்லர் ருமேனியாவுக்குப் படை அனுப்பியதால் சினந்த முசோலினி, 1940 அக்டோபர் 28 அன்று தம் விருப்பப்படியே கிரேக்கத்தைத் தாக்கித் தோல்வி கண்டார். அவரைக் காப்பாற்ற மறு ஆண்டு ஜெர்மானியப் படை வர வேண்டியதாயிற்று. 1943 ஜூலையில் சொந்த நாட்டாரே அவரைப் பதவி நீக்கிச் சிறைவைத்தனர். செப்டம்பரில் ஹிட்லர் அவரை மீட்டு, வட இத்தாலியில் பெயரளவுக்கு ஓர் அரசின் தலைவராக்கினார். குருவாகத் தொடங்கியவர் கைப்பாவையானார். தம்மை எதிர்த்து வாக்களித்த மருமகன் சியானோ 1944 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சொந்த மகளின் கண்ணீரும் அவரை அசைக்கவில்லை.

1945 ஏப்ரல் 28 அன்று முசோலினி சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் மிலானில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டது. இரு நாள் கழித்து ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார்.

இறையச்சமுடையோரைத் தவிர மற்ற நண்பர்கள் மறுமையில் ஒருவருக்கொருவர் பகைவராவர் என்று அத்தியாயம் ஸுக்ருஃப் நமக்கு உணர்த்துகிறது. நம் வணிகக் கூட்டிலும், ஜமாஅத் நிர்வாகத்திலும், குடும்பத்திலும், நாம் தவறும்போது கையைப் பிடித்துத் தடுப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்போம். அவர் சொல் கசந்தாலும் அவரை இழந்துவிட வேண்டாம். நாமும் பிறருக்கு அத்தகைய நண்பராக இருப்போம். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.