மெலிவினுள் மறைந்த கொழுப்பு

மேற்கே நெல்வயல், கிழக்கே கடல். இவ்விரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்தவை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய ஊர்கள். கரைவலை இழுத்தும், உப்பட்டி சுமந்தும், தறியில் அமர்ந்து கால் மிதித்தும் பிழைத்த இவ்வூர்களிலே, பிள்ளை மெலிந்துவிடுமோ என்பதே உம்மாமாரின் அச்சமாயிருந்தது. மலேரியாவையும் அரிசிப் பஞ்சத்தையும் அறிந்த தலைமுறைக்கு அவ்வச்சம் நியாயமானதே. கொழுத்த பிள்ளை நலமுள்ள பிள்ளை. மெலிந்த பிள்ளைக்கு இன்னும் ஒரு பிடி சோறு. ஆயின் அந்த மெலிந்த உடம்பினுள்ளேயே கொழுப்பு ஒளிந்திருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் தெளிந்தது அண்மைக் காலத்திலேதான்.

பிழை அளவுகோலில் இருந்தது. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1832 ஆம் ஆண்டளவில் வெளியிட்டவர் பெல்ஜிய நாட்டு அடோல்ப் கெற்றலே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளிவிவரமும் பயின்றவர். நோயாளியை மனத்திற்கொண்டு அவர் அதனைச் செய்யவுமில்லை. 1972 இல் அமெரிக்கரான அன்செல் கீஸ் அதற்கு உடற்றிணிவுச் சுட்டி என்று பெயர் சூட்ட, அது உலகெங்கும் பரவிற்று. தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றே என்பதை எவரும் பெரிதாக எண்ணவில்லை.

எண்ணியவர் புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். அந்நகரை அடுத்த ஆறு கிராமங்களிலே 1993 இல் அவர் தாய்மாரைப் பின்தொடர்ந்து ஆராயத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை ஏறக்குறைய 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. புனேக் குழந்தைகளின் தசை வெகுவாகக் குன்றியிருந்தது. தோலின் கீழுள்ள கொழுப்போ அவ்வளவாகக் குன்றவில்லை. 2004 இல் ‘லான்செட்’ இதழில் அவரும் அவருடைய ஆங்கில நண்பர் ஜோன் யட்கினும் அருகருகே நிற்கும் படமொன்று வெளிவந்தது. இருவருக்கும் சுட்டி 22.3 தான். உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். நூறு பக்கக் கட்டுரை சொல்லாததை அந்த ஒரு படம் சொல்லிற்று.

இலங்கைப் பிள்ளைகளிடத்தே இதனை ஆராய்ந்தவர் கொழும்புப் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பூஜித விக்கிரமசிங்க. அவுஸ்திரேலியாவில் வாழும் இலங்கைச் சிறாரையும் வெள்ளையச் சிறாரையும் ஒப்பிட்டு, அவரும் உடனாய்வாளரும் 2005 இல் முடிவுகளை வெளியிட்டனர். டியூட்டீரியம் என்னும் கனமான ஐதரசன் சேர்ந்த நீரைச் சிறிதளவு பருகச் செய்து, அது உடலிலே எவ்வளவு ஐதாகிறது என்று கண்டால் உடலின் மொத்த நீர் தெரியும். கொழுப்பில் நீர் இல்லாமையால், கொழுப்பின் அளவும் கணக்காகும். சர்வதேச அட்டவணை பருமனில்லை என்று விட்டுவிட்ட இலங்கைச் சிறார் பலரிடத்து மிகுந்த கொழுப்பு இருந்தமை அவ்வாறே புலனாயிற்று.

இதில் உடலுழைப்புக்கு என்ன இடம்? உணவினின்று இரத்தத்திற் சேரும் வெல்லத்தின் பெரும்பகுதியை ஏற்பது தசை. இயங்கும் தசை இன்சுலினின் உதவியின்றியும் வெல்லத்தை உள்ளிழுக்க வல்லது. தசை குன்றிப் பிறந்த பிள்ளை அசையாதும் இருந்துவிட்டால், வெல்லம் செல்லும் வழி இருமடங்கு அடைபடுகிறது. கரைவலை இழுத்த மூத்தவாப்பாவுக்கும் அதே பிறவிக் குறை இருந்திருக்கலாம். அவர் கைகால்கள் அதனை நாள்தோறும் ஈடுசெய்தன. மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் பேரனுக்கு அந்த ஈடு இல்லை.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வு, இலங்கையில் வளர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்று கண்டது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. ஆகவே அந்தப் பத்திலொன்று கல்முனைக் கரையை எண்ணாத பத்திலொன்றேயாகும்.

பாடசாலைப் பரிசோதனையின்போது நிறையும் உயரமும் பார்க்கப்படுகின்றன. இடுப்பைச் சுற்றி ஒரு தையல் நாடாவை வைத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். வயிற்றுக் கொழுப்பைத் தராசைவிட அது நன்றாகக் காட்டும். விளையாட்டுக்கு நேரம் தேடுவதுதான் கடினம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே கடற்கரையிலே பந்துருண்ட வேளையை இப்போது தனியார் வகுப்புகள் எடுத்துக்கொண்டன. பெண் பிள்ளைகளுக்கோ அந்த வேளை முன்னரும் பெரிதாக வாய்த்ததில்லை.