சீதைப் பாண்டியும் முப்பது உயிரும்

விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவுக்கு டிவி கேம் வந்தபோது கூடவே போங்கும் வந்தது. கோன்ட்ராவில் மூன்றே உயிர். நீர்வீழ்ச்சிக் கட்டத்துக்கு முன்னாலேயே எனக்கு மூன்றும் போய்விடும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று தட்டிக் காட்டினார். முப்பது உயிர்!

"இது போங்குண்ணே."

"யாரைடா ஏமாத்துனோம்? டிவியையா?"

அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. பிறகு பிரவுசிங் சென்டர் காலத்தில் வைஸ் சிட்டியில் 'பேன்சர்' என்று அடித்து நடுரோட்டில் டாங்கை இறக்கியபோது கேள்வியே எழவில்லை.

அந்தப் பத்து அழுத்தல்களின் கதை பிற்பாடுதான் தெரிந்தது. 1986இல் ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹாஷிமோட்டோ, கிரேடியஸ் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க ஆடினால் அவராலேயே தாண்ட முடியவில்லை. எல்லா ஆயுதங்களும் ஒரேயடியாகக் கிடைக்க ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது நீக்கப்படாமலே கடைக்குப் போய்விட்டது. 1988இல் அமெரிக்காவில் வந்த கோன்ட்ராவில் அதுவே முப்பது உயிரானது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் இறந்தார். ஆக, இது திருடன் போட்ட கன்னம் இல்லை, வேலைக்காரன் வேலை முடிய வைத்துக்கொண்ட வசதி. (குரோஸ் கணக்கில் வெடிக்குழாய் உருட்டும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அப்படி ஒரு பொத்தானை யாரும் வைக்கவில்லை.)

ஆனால் ஒற்றை ஆள் ஆட்டம் ஜப்பானிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. அப்பத்தா சீதைப் பாண்டி ஆடுவாள். அசோகவனத்தில் சீதை தனியே ஆடியது என்பது வாய்வழிக் கதை. எங்கள் வீட்டு முறை இது: வரிசையாக ஏழு குழி. 7, 6, 5, 4, 3, 2, 1 என்று புளியமுத்து, மொத்தம் 28. ஏழு உள்ள குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுச் சுற்றி வந்தால், கடைசி முத்து அள்ளிய குழியிலேயே விழும். இப்போது ஏழு அடுத்த குழிக்கு நகர்ந்திருக்கும். இப்படி ஏழு முறை ஆடினால் பழைய அடுக்கு அப்படியே திரும்பும். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒரு முத்து குறைந்தால் மட்டும் அள்ளிய குழி காலியாக நிற்கும்.

இதில் போங்கு ஆடி என்ன கிடைக்கும் என்று நினைத்திருந்தேன், நானே ஆடும்வரை.

அப்பத்தாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த சமயம். ஐந்தாவது சுற்றில் கையிலிருந்த முத்து தீர்ந்துபோய், குழி காலியாக நின்றது. தடவித் தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் திரும்பிய நேரம் பையிலிருந்து ஒரு முத்தை எடுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த இரண்டு சுற்றில் அடுக்கு சரியாகத் திரும்பியது. "பாத்தியா, வந்துருச்சு" என்று சிரித்தாள்.

எழுந்தபோது மடியிலிருந்து ஒரு முத்து உருண்டு விழுந்தது.

அதை விரலால் தடவி எடுத்தாள். "இது எந்தக் கணக்குலடா வரும்?"

நான் பேசவில்லை. அப்பத்தா மறுபடி உட்கார்ந்து ஏழு, ஆறு, அஞ்சு என்று அடுக்க ஆரம்பித்தாள். என்னைக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்காரச் சொன்னாள்.